அக்கா சொன்ன பெயர்

சென்ற வருஷம் ஆடி மாதம். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டில் விடாத மழை. அந்த மழையில்தான் என் அக்காவின் புருஷன், அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கூடலூர்ப் பக்கம் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கேட்கப் போன அம்மாவிடம், “சமைச்சுப் போட வந்தவளுக்கெல்லாம் நான் எதுக்குச் சோறு போடோணும்?” என்றாராம். தாலி கட்டியது எஸ்டேட் மாரியம்மன் கோவிலில். காகிதம் எதுவும் கிடையாது. அம்மா கொழுந்து பறிக்கும் கூலியில்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும். குழந்தைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர்.

நான் ஸ்கூல் பைனல் முடித்தவன். கிடைத்த பத்திரிகையெல்லாம் வாசிப்பவன். மனைவியையும் பிள்ளையையும் கைவிட்டவனிடம் ஜீவனாம்சம் கேட்கச் சட்டம் உண்டு என்று படித்ததும் உதகைக்குக் கிளம்பிவிட்டேன். முதல் வக்கீலின் குமாஸ்தா சொன்ன பீஸைக் கேட்டதும் படியிறங்கினேன். இரண்டாமவர், எஸ்டேட் ஆள் என்றதும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கோர்ட்டு வராந்தாவில், வெளுத்த கோட்டுப் போட்ட ஓர் இளம் வக்கீல் ஒரு படுகக் கிழவிக்குப் பொறுமையாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அவள் நகர்ந்ததும் ஓடிப்போய்க் கதை முழுவதையும் கொட்டினேன்.

“மூச்சு விட்டுக்குங்க தம்பி. எனக்கு பீஸ் வேண்டாம், ஸ்டாம்புச் செலவை மட்டும் பாத்துக்குங்க. அக்கா கூண்டுல ஏறிப் பேசுவாங்களா?”

“எங்கக்கா பேச ஆரம்பிச்சா கங்காணியே ஓடிப்போயிருவாருங்க!”

மனுவுக்கு வேண்டிய விவரமெல்லாம் நானே சொன்னேன், புருஷன் பெயர் உட்பட. அதனால் விசாரணையன்று நடக்கப்போவது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

“உன் புருசன் பேர் என்னம்மா?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

அக்கா வாய் திறக்கவில்லை. கட்டியவன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை.

“பேரே தெரியலீங்க. இவ பொண்டாட்டியாம்!” என்றார் அவர். கூடத்தில் சிரிப்பு.

எங்கள் வக்கீல் எழுந்தார். “பொண்டாட்டியா இருக்கறதாலதானுங்க சொல்லலை.”

மாஜிஸ்திரேட் தமிழர்தான், இந்த வழக்கம் தெரிந்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “புரியுது. ஆனா அந்தம்மா வாயால சொன்னாத்தான் நான் எழுத முடியும்.”

அக்கா எதிரே நின்ற புருஷனைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பெயரைச் சொன்னாள். தடுமாறாமல், அவருடைய அப்பா பெயரோடு சேர்த்து. அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோவில் பூசாரியும் வந்து சாட்சி சொன்னார். மாதாமாதம் ஜீவனாம்சம் தர உத்தரவாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் சந்தோஷத்தில் எனக்கு உட்காரவே முடியவில்லை. அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

“செயிச்சுட்டமே, எதுக்கு அழுவற?”

“அவரு என்னைய எப்பவோ விட்டுட்டுப் போயிட்டாரு. நான் அவரை விட்டது இன்னைக்குத்தான் தம்பி.”

சட்டம் இருக்கிறது, பீஸ் வாங்காத வக்கீலும் இருக்கிறார் என்று இன்றும் எஸ்டேட் லைன் வீடுகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால், அந்தக் கூண்டில் ஏறுகிற பெண் எதை அங்கேயே விட்டுவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு, குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வருகிறது.