தறிக்கு அடியில் குடியிருந்தவர்கள்

நெசவுக்கார வீட்டில் தறி ஓட்டுகிறவருக்கு ஒரு பேர் உண்டு, சாயம் தோய்க்கிறவருக்கு ஒரு பேர் உண்டு; தறிக்கு அடியில் எது குடியிருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு மட்டும் பேரும் கிடையாது, கூலியும் கிடையாது. பிள்ளையார்பாளையத்துக்கு மருமகளாக வந்த பிறகு எனக்கு அமைந்த உத்தியோகம் அதுதான். உங்கள் வீட்டுப் பின்பக்கமும் ஒரு கொட்டகை இருந்து, காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அதன் சுவரோரம் புது மண் குவிந்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் கட்சி. என் பெண் இப்போதுதான் தூங்கியிருக்கிறாள். விழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மண்தரை

எங்கள் தறிகள் இரண்டும் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் இருக்கின்றன. இரண்டும் குழித்தறி. தரையில் இடுப்பளவுக்குப் பள்ளம் வெட்டி, நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் தென்னேரியிலிருந்து சைக்கிளில் வருகிற எத்திராஜ். நான் பின்மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தார் சுற்றுவேன்; குறுக்கே ஓடுகிற ஊடைநூலைச் சின்னக் குழலில் சுற்றுவதுதான் அது. பிள்ளையைத் தனியாக விட ஆளில்லாததால், உத்திரத்தில் பழைய புடவையால் ஏணை கட்டி அவளையும் அங்கேயே போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் ஏணைக்கு நேர் கீழே ஈரமண் குவிந்திருந்தது. பக்கத்தில் என் கை நுழைகிற அளவுக்கு வளை. பெருச்சாளி! கான்வென்ட்டில் சுகாதாரப் பாடம் நடத்தின சிஸ்டர், எலி கடித்தால் வருகிற ஜுரத்துக்கு நீளமாக ஒரு பேர் சொல்லிக் கொடுத்திருந்தார். பேர் மறந்துவிட்டது, பயம் மறக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இன்றைக்கே தரைக்குச் சிமெண்ட் போட்டாக வேண்டும் என்று நின்றேன். என் வீட்டுக்காரர் ஊடையைக் கொண்டு ஓடுகிற நாடாவைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: “மண்ணு ஈரம் இருந்தாத்தான் பட்டு பேச்சு கேக்கும். சிமெண்ட் போட்டா பாவு நூலு காஞ்சி பொட்டு பொட்டுன்னு அறுந்துக்கும். அப்புறம் நீயும் நானும் பெருச்சாளியும் சேந்து பட்டினி கெடக்கலாம்.”

வாகனம்

எத்திராஜின் ஊரில் வயல் எலிக்கு வைக்கிற மருந்து கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொன்னேன். அவரும் கொண்டுவந்தார். நான் அதைப் பிரிப்பதற்குள் என் மாமியார் பார்த்துவிட்டார். பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பைமேட்டில் புதைத்துவிட்டு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். விநாயகர் சதுர்த்தியன்று எனக்குத் தெரியாமல் வளை வாசலில் ஒரு கொழுக்கட்டை வேறு வைத்திருக்கிறார். வாகனத்துக்குப் படையலாம். வாகனம் அதைச் சாப்பிட்டுவிட்டு, தெம்பாக வெளிச்சுவரோரம் இன்னொரு வாசலும் திறந்துகொண்டது.

நான் அழுதேன். பூரான் வந்தாலும் அழுகிறவள்தான், அது வேறு விஷயம். மருந்தைப் புதைத்த கையோடு மாமியார் கேட்டது இது: “பிள்ளையார்பாளையத்துல குந்திக்கினு பிள்ளையார் வாகனத்துக்கே விஷம் வைக்கிறியா? இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா உங்க கான்வென்ட்டுல?”

மிளகாய்ப் புகை

அடுத்த வீட்டுப் பங்காரம்மா அக்கா யோசனைகளின் களஞ்சியம். வீட்டுக்குள்ளே தெலுங்கு, வேலிக்கு இந்தப் பக்கம் தமிழ். “கொல்ல வேணாம்மா, விரட்டு. எருமுட்டை நெருப்புல மொளகா போட்டு வளைக்கு வாசல்ல வெச்சி விசிறு. ஓடியே பூடும்” என்றார். கொல்லாத வழி என்பதால் மாமியாரும் தடுக்கவில்லை. ஓட்டைப் பானையில் நெருப்புப் போட்டு, ஒரு கை மிளகாயை அள்ளிப் போட்டு, வெளிச்சுவர் ஓரமிருந்த வளையில் வைத்து முறத்தால் விசிறினேன்.

வளையின் மறுமுனை எங்கே திறக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. புகை முழுக்கத் தறிக்குழிகள் இரண்டிலும் கிளம்பிவிட்டது. உள்ளேயிருந்து முதலில் இருமல், பிறகு தும்மல், பிறகு என் வீட்டுக்காரர், பிறகு எத்திராஜ். தெருவில் நாலு வீட்டுத் தறி நின்றுபோனது. பெருச்சாளியின் மீசை நுனிகூட வெளியே தெரியவில்லை. எத்திராஜ் கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டே சொன்னார்: “அண்ணி, அது போறதுக்குள்ள நாங்க போயிடுவோம் போல இருக்குது. மொதல்ல யார அனுப்பறதுன்னு ஒரு முடிவு பண்ணிக்கோங்க.”

இரவல் பூனை

பால்காரர் வீட்டுப் பூனையை ஒருநாள் இரவல் வாங்கினேன். கறுப்பும் வெள்ளையுமாக நல்ல வாட்டசாட்டம். வளை பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். மத்தியானத்துக்கு மேல் பெருச்சாளி தலையை நீட்டியது. பூனை அதைப் பார்த்தது. அது பூனையைப் பார்த்தது. அடுத்த நொடி பூனை தறியின்மேல் பாய்ந்து, இழுத்துக் கட்டியிருந்த பாவின் மேலேயே ஓடி, கூரைக்குப் போய்விட்டது. மறுநாள் பொழுது முழுக்க அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், தலை நிமிராமல் சொன்னார்: “அது பாவம் கீழயேதான் தோண்டிக்கினு இருந்துச்சி. உங்க ஆளுதான் மேல ஏறி வந்து நெசவு கத்துக்கினாரு.”

சட்டை

இதுவரைக்கும் சிரிக்கலாம். இதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எத்திராஜ் ஒருநாள் குழிக்குள் இறங்கப் போனவர் நின்றார். குச்சியை விட்டு எதையோ தூக்கினார். மிதிக்குக் கீழே பாம்பு உரித்துப்போட்ட சட்டை! வெள்ளிச்சரிகை மாதிரி மின்னிக்கொண்டு, அவர் உயரத்துக்கு நீண்டு தொங்கியது. எலி வளை இருந்தால் பாம்பு தேடி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏணையில் பிள்ளை காலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஏணைக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என் முழங்கால் உயரம்கூட இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டு மேடையில் ஏறி நின்றுவிட்டேன். கான்வென்ட் செபம் பாதி, மாமியார் சொல்லிக் கொடுத்த பிள்ளையார் பாட்டு பாதி, இரண்டும் கலந்து வாயில் வந்தது. எத்திராஜ் ஆறுதலாகத்தான் சொன்னார்: “பயப்படாதீங்க அண்ணி. இது பழைய சட்ட. ஆளு புதுசு மாட்டிக்கினு எங்கனா சௌக்கியமாத்தான் இருப்பாரு.”

கஞ்சி

அதற்குப் பிறகு பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. ஒரு கையால் தார் சுற்ற முடியாது. ஊடைக்குத் தார் இல்லாமல் தறி நின்று நின்று ஓடியது. மாமியார் முணுமுணுத்தார். நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெருச்சாளிக்கு ஊரில் வேறு இடமே இல்லையா? எங்களிடம் அப்படி என்ன இருக்கிறது?

பாவுக்குக் கஞ்சி போடுகிற நாளில் விடை தெரிந்தது. விடிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்து, அரிசிக் கஞ்சி பூசிக் காயவைப்பார்கள். மிஞ்சின கஞ்சியைத் தெருவில் கொட்டக் கூடாது. அன்னம் ஆயிற்றே, கால் படும். அதனால் மாமியார் குண்டானோடு கொண்டுவந்து, யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து ஊற்றுவார். கொட்டகைக்கு வெளியே பின்மூலை. வளை இருக்கிற அதே மூலை! எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே மூலைதான், எல்லா வீட்டிலும் அதே குடித்தனம்தான்.

மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? “அத்தை, வாகனத்துக்குக் கொழுக்கட்டை வைக்க வேண்டாம்போல இருக்கே, கஞ்சியே போதும்போல” என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குண்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த தடவை குண்டான் பங்காரம்மா வீட்டு எருமைத் தொட்டிக்குப் போனது. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “நீ சொன்னேன்னு ஒண்ணும் இல்ல. எரும எளச்சிப் போச்சி, அதுக்குத்தான்.”

அமாவாசை

என் அப்பா வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினவர். அங்கே எலி தோண்டி உள்ளே வராமலிருக்க, நெல் கிடங்கைச் சுற்றி முழங்கை ஆழத்துக்குக் கல்பலகை நட்டிருப்பார்கள். சின்ன வயதில் மண்ணுக்கு மேலே தெரிகிற அதன் விளிம்பில் வரிசையாக நடந்து விளையாடியிருக்கிறேன். அந்த ஞாபகத்தில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: உள்ளே மண்தரை அப்படியே இருக்கட்டும், சுற்றிலும் கல் நடலாமே? சட்டையைப் பார்த்த நாளிலிருந்து அவரும் குழிக்குள் குச்சியால் தட்டிவிட்டுத்தான் காலை வைத்தார். உடனே சரி என்றார்.

அமாவாசைக்கு எங்கள் பக்கம் தறி ஓடாது. அன்றைக்கு உடைந்த கடப்பைக் கல்லையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, அவரும் எத்திராஜும் சுவரோரம் தோண்டினார்கள். மூன்று பக்கம் முடிந்து, பின்மூலையில் மண் உள்வாங்கியது. அடியில் ஒரு கூடு. நான் தார் சுற்றி வீசின கழிவுப் பட்டெல்லாம் அங்கே இருந்தது: அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. என் பெண்ணின் இடுப்புத்துணிக் கிழிசல்கூட ஒன்று இருந்தது. அதன் நடுவில் கண் திறக்காத குட்டிகள், ரோஜா நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்று. தாயைக் காணோம்.

என் வீட்டுக்காரர் கடப்பாரையை ஓங்கவில்லை, ஆனால் மண்வெட்டியால் அள்ளி வெளியே போடத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று நான்தான் கத்தினேன். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், முழுக்கப் பயம். குட்டியைத் தேடி அது திரும்பி வரும். காணவில்லை என்றால் என் இடுப்பில் இன்னொரு குட்டி இருக்கிறதே! பிள்ளையைக் காணாத தாய் என்ன செய்வாள் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். மண்ணை மேலாகத் தள்ளி மூடச் சொன்னேன், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கல் வேண்டாம் என்றேன். மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வை! “எத்தினி நாளா இத தொரத்து தொரத்துன்னு என் உசுர வாங்கின? இப்ப பிரசவம் பாக்குறியா நீ?”

வழியனுப்பு

அந்த நாட்களில் ஏணை சமையல்கட்டுக்குப் போனது. மாமியார் வேப்பமரத்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வளைப் பக்கம் திரும்பி, “குடும்பத்தோட நல்லபடியா போய்ச் சேருப்பா” என்று வேண்டிக்கொண்டார். நான் தினமும் பொழுது சாய்ந்ததும் வளை வாயில் கழிவு நூலை லேசாக அடைத்து வைப்பேன். காலையில் நூல் வெளியே தள்ளப்பட்டுக் கிடக்கும். இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மறுபடி அடைப்பேன். கஞ்சியும் இல்லை, கூட்டையும் கலைத்தாயிற்று. ஒரு காலையில் நூல் வைத்தபடியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அன்றைக்கே கடைசிக் கல்லையும் நட்டு, ஓட்டாஞ்சில்லும் சுண்ணாம்பும் போட்டு இடித்துவிட்டோம். ஏணை கொட்டகைக்குத் திரும்பி வந்தது, ஒரு முடிச்சு உயரமாக. பாம்புச் சட்டை எதுவும் பிறகு அகப்படவில்லை. தார் இல்லாமல் தறி நிற்பதும் இல்லை.

இரண்டொரு நாளில் பங்காரம்மா அக்கா வேலிமேல் கையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். எருமைத் தொட்டிக்குப் பக்கத்தில் புது மண்ணாம். “ஏமம்மா, கஞ்சியும் இங்க அனுப்பின, வாகனத்தையும் இங்க அனுப்பின. பிள்ளையாரு மட்டும்தான் பாக்கி, அவர எப்போ அனுப்பற?”

என் பெண் போன வாரம் தவழ ஆரம்பித்துவிட்டாள். பெருச்சாளி தோண்டின பள்ளத்தையெல்லாம் மூடியாயிற்று, இனி நான் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்க வேண்டியது மனுஷர் தோண்டின தறிக்குழி இரண்டை மட்டும்தான்.