கும்மிப் பாட்டுக்கு ஒரு மேலட்டை

கலைமகளுக்குத் திருப்பூரில் ஒரு அச்சகத்தில் வேலை. ஏற்றுமதியாகும் பனியன்களின் கழுத்தில் கம்பெனிப் பேரோடு ஒரு சின்ன அட்டை நூலில் தொங்குமே, அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவள் அவள்தான். மங்கலத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் தறியில் உட்காரச் சொன்னார்கள். அவள் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்துவிட்டாள். உள்ளங்கை அகல அட்டையில் எது கண்ணில் முதலில் விழும், எது விழவே விழாது என்று யோசிப்பதில் அவளுக்கு ஒரு தனி ருசி. கடைவீதியில் நடந்தால் பெயர்ப் பலகைகளோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே நடப்பாள்.

அவள் கணவன் தீனதயாளன் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். சாயங்காலமானால் கும்மிக் குழுவில் பின்பாட்டு. முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதையைப் பாடிக்கொண்டே வட்டமாகச் சுற்றி ஆடும் வள்ளிக்கும்மி அந்த வருஷங்களில் ஊருக்கு ஊர் சூடுபிடித்திருந்தது. மங்கலத்துக் குழுவுக்கு வாத்தியார் மருதாசலம். அவர் பாடினால் கடைசி வரிசை வரைக்கும் கால் தானாக எழும்பும். இரண்டாயிரத்தெட்டாம் வருஷம் அவர்கள் பாட்டைப் பதிவு செய்து சிடியாகப் போட்டார்கள். செலவு முழுவதும் தறி முதலாளி பொன்னுச்சாமியுடையது.

ஸ்டுடியோவிலிருந்து மேலட்டைக்கு ஒரு மாதிரி வந்தது. உச்சியில் மயிலேறிய முருகன். இடது பக்கம் பொன்னுச்சாமி, வலது பக்கம் கைகூப்பிய மருதாசலம். கீழே குழு மொத்தமும் கலியாண போட்டோவுக்கு நிற்பதுபோல மூன்று வரிசை. பின்னால் சூரியக் கதிர்கள். எழுத்து சிவப்பு, அதற்கு மஞ்சள் ஓரம், அதற்கும் பின்னால் ஒரு நிழல். தீனதயாளன் பெருமையோடு கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினான்.

கலைமகள் அதைக் கைநீட்டிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்குதுங்க மாமா. ஆனா இதுல ஆருமே ஆடலீங்களே.”

“ஆடுறதை எப்படிப் போட்டோவுல காட்டறது? அது அப்படியே நின்னுபோகுமல்ல?”

“காதுகுத்துப் பத்திரிகைன்னு சொல்லிக் குடுத்தாலும் நம்பி வாங்கிக்குவாங்க. பாட்டுச் சத்தம் இதுல எங்கீங்க இருக்குது?”

தீனதயாளன் மாதிரியை வாங்கி இன்னொரு தரம் பார்த்தான். அவனே போய் வாத்தியாரிடம் சொல்லி, வேறொரு மாதிரி செய்து பார்க்க இவளுக்கு அனுமதி வாங்கிவந்தான்.

மறுநாள் அச்சகத்துக் கேமராவைக் கேட்டு எடுத்துக்கொண்டு, ஒத்திகை நடக்கும் கோயில் மைதானத்துக்குப் போனாள். பக்கத்தில் நின்று எடுத்தாள். முதுகும் கொண்டையுமாக வந்தது. உட்கார்ந்து எடுத்தாள், புழுதிதான் வந்தது. கடைசியில் மைதானத்தை ஒட்டிய கலியாண மண்டபத்தின் மொட்டை மாடிக்கு ஏறினாள். கீழே வாத்தியார் நடுவில் நின்று அடி எடுத்துக் கொடுக்க, பெண்கள் கைதட்டிக் குனிந்து நிமிர்ந்து சுற்றினார்கள். பொழுது சாய்ந்து வெளிச்சம் மட்டாகியிருந்தது. அவள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாமே கலங்கல். தலையில் கைவைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தவளின் விரல் ஒரு படத்தில் நின்றது. நடுவில் அசையாமல் நின்ற மருதாசலத்தின் வெள்ளைத் தலைப்பாகை மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. அவரைச் சுற்றிப் புடவைகளெல்லாம் இழுபட்டு, பச்சையும் அரக்கும் கடுகு மஞ்சளுமாக ஒரே வளையம். அது சுற்றிக்கொண்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“மாமா, வந்து பாருங்க. நின்னுபோகலீங்க.”

எழுத்தை முதலில் வளையத்தோடு சேர்த்து வளைத்துப் போட்டாள். இரண்டும் சுற்றியதில் தலை கிறுகிறுத்தது. பிறகு வெள்ளை எழுத்தில், நேராக, கீழ் ஓரத்தில் சின்னதாக வைத்தாள். எழுத்து நிற்க நிற்க வளையம் இன்னும் வேகமாகச் சுற்றியது. சந்தோஷத்தில் எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்தாள்.

கோயில் மண்டபத்தில் எல்லாரும் கூடியபோதுதான் வம்பு வந்தது. பொன்னுச்சாமி முன்னட்டையை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“ஏனம்முணி, என்ற மூஞ்சியக் காணோம், செரி. சாமியையுமா காணோம்?”

“பின்னட்டையில முருகன் பெருசா இருக்கறாருங்க. அவருக்குக் கீழ உங்க போட்டோ, எல்லாரு மூஞ்சியும் பேரும் இருக்குதுங்க. முன்னட்டை மட்டும் ஆட்டத்துக்குன்னு உட்டுட்டனுங்க.”

“தண்ணியில நனைஞ்ச போட்டோ மாதிரி இருக்குது” என்றார் ஒருவர்.

கலைமகள் அட்டையை எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தாள். விரலை வைத்துக் காட்டினாள். “நடுவுல இந்த வெள்ளையைப் பாருங்க. கண்ணு மொதல்ல இங்கதான் போகும். அப்பறம் இங்கிருந்து வெளிய வந்து சுத்த ஆரம்பிக்கும். ஒரு சுத்து வந்தா இங்க ஒரு சந்து இருக்குது. வட்டம் முழுசா மூடியிருந்தா நாம வேடிக்கை பாக்கற மாதிரி இருக்கும். சந்து இருக்கறதுனால, நாமளும் உள்ள போலாம்னு தோணுது.”

“அந்தச் சந்து நானுங்க” என்றாள் குழுவில் ஆடும் சாரதாமணி. “போன் வந்துச்சுன்னு வெளிய ஓடிட்டேன்.”

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பொன்னுச்சாமியின் மனைவி சாமியாத்தாள் எழுந்து வந்து, அட்டையைக் கையில் வாங்கினாள். அவளும் குழுவில் ஆடுகிறவள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பச்சைக் கோடு ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

“ஏனுங்க, இது நானுங்க. குனிஞ்சு எந்திரிக்கறேன் பாருங்க. என்ற இடுப்பு வளைவு எனக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான். பெண்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அரக்குக் கோடு என்னுது என்றாள் ஒருத்தி. இல்லை, அன்றைக்கு நீ ஊதா கட்டியிருந்தாய் என்றாள் இன்னொருத்தி. ஒரே மஞ்சளுக்கு இரண்டு பேர் வழக்காடினார்கள். முகம் இருந்த பழைய மாதிரியை ஒருவரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பொன்னுச்சாமி மனைவியின் முகத்தையும் பச்சைக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஊட்டுல இவ இத்தனை வேகமா ஒரு நாளும் நடந்ததில்லீங்க வாத்தியாரே” என்றார். “இதையே போட்டுருங்க.”

மருதாசலத்துக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. “சிடி மேலயும் இதே படம்னா, நடு ஓட்டை என்ற தலையிலல்ல உழும்?”

“சிடியில வளையம் மட்டுந்தானுங்க. உங்க தலை பத்திரமா அட்டையில இருக்குது.”

தைப்பூசத்தன்று சிடி வெளியானது. பல்லடம் கடைவீதியில் ஒரு கடைக்காரர் அதைக் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட, காற்றில் வளையங்கள் திரும்பித் திரும்பி ஆடின. தீனதயாளன் வேலைக்கு நடுவே வண்டியெடுத்துப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான். கலைமகளையும் பெண்கள் விடவில்லை. மாடியிலிருந்தது போதுமென்று மைதானத்துக்குள் இழுத்துவிட்டார்கள். முதல் வாரமெல்லாம் எல்லாரும் இடது பக்கம் போனால் இவள் வலது பக்கம் போனாள்.

சில மாதம் கழித்து, குண்டடத்திலிருந்து ஒரு குழு அச்சகத்துக்கே தேடிவந்தது. அவர்களும் சிடி போடுகிறார்களாம்.

“எங்களுக்கும் அதே மாதிரி கலங்கலா வேணுங்க” என்றார் குழுத் தலைவர் லிங்கசாமி.

“உங்க ஆட்டமும் அதே மாதிரிங்களா?”

“இல்லீங்க. எங்களுது குதிச்சு ஆடுறது. கால் தரையிலயே நிக்காது.”

கலைமகள் மௌஸை ஒதுக்கிவைத்தாள். “அப்படீன்னா அட்டையும் குதிக்கணுமல்லங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். மொதல்ல உங்களோட ஒரு பாட்டுக்கு ஆடிப் பாக்கறேன். படம் அப்பறம் எடுக்கலாம்.”