சூடேறாத வரைக்கும் நல்ல கார்

என் தம்பி ஏகாம்பரம் பொய் சொல்ல மாட்டான். எதையாவது விற்கும்போது மட்டும் கொஞ்சம் அழகாகப் பேசுவான். உதைக்கிற மாட்டைச் சுறுசுறுப்பான மாடு என்று மாகறல்காரர் ஒருவர் தலையில் கட்டினான். அந்த மனுஷர் இன்னும் நொண்டித்தான் நடக்கிறார். உத்திரமேரூரில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது அவன் தொழில். முதுகு உடைந்த நாற்காலியைக் காற்றோட்டமானது என்று சொல்லியே அனுப்பிவிடுவான்.

சென்னையில் யாரோ கழித்துவிட்ட ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி வந்தான். கிளட்சை மிதிக்க வேண்டாமாம், கியரை அதுவே மாற்றிக்கொள்ளுமாம். "இடது காலுக்கு வேலையே இல்லக்கா" என்று பெருமை பேசித் திரிந்தான். வலது காலுக்கு மட்டும் என்ன வேலை வைத்திருந்தானாம்?

இந்தக் கோடையில் கார் மக்கர் பண்ணியது. மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர்வேனா என்கிறது. மெக்கானிக் மோகன் என் வாசலில் வைத்துத்தான் பார்த்தான். இன்ஜின் ஓட ஓட, கியர் ஆயில் பார்க்கிற குச்சியை உருவி முகர்ந்தான். கருகின வாடை எனக்கே அடித்தது.

"ஆயிலு தீஞ்சி பூட்ச்சிண்ணே. உள்ள பிளேட்டு தேஞ்சிகினு கீது. ஆறியிருந்தா புடிக்கும், சூடேறிச்சின்னா வயுக்கும். கியர் பாக்ஸ எறக்கித்தான் ஆவணும்."

"எறக்கறதா? அந்தச் செலவுக்கு வித்துட்றேன் போ."

"இருக்கிற கோளாற சொல்லி வில்லுடா" என்றேன்.

"கேட்டா சொல்றேன்க்கா."

ஜவுளிக்கடை அஹமது பாட்சா தன் மனைவி ஹமீதாவோடு ஒரு நாள் காலையில் தம்பி வீட்டுக்கு வந்தார்; நானும் போயிருந்தேன். ஏகாம்பரத்தின் திட்டம் நல்ல திட்டம்தான். ராத்திரியெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியில் தெருமுனை வரை ஒரு சுற்று, உடனே கைமாற்றிவிடுவது. ஆனால் அவன் வாய் சும்மா இருக்குமா? ஹமீதா முந்தானையால் வியர்வையைத் துடைத்தாள்.

"ஏசில உக்காரு தங்கச்சி, ஊட்டி கணக்கா இருக்கும்."

இன்ஜினைப் போட்டான். டீயும் போண்டாவும் காருக்குள்ளேயே வந்தன. தன் பந்தல் பெருமையை ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிச் சூடேறிக்கொண்டு கிடந்தது.

நான் கண்ணாடியைத் தட்டினேன். "பாய், ஏரிக்கரை மேல ஏத்திப் பாருங்க."

தம்பி என்னை முறைத்தான். நான் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பாட்சாதான் ஓட்டினார். கரையின் பாதி ஏற்றத்தில் இன்ஜின் அலறியது, வண்டி நின்றது, பிறகு பின்னால் சறுக்கியது. பாட்சா பிரேக்கை அழுத்திப் பிடித்தார்.

"இன்னாங்க இது! சத்தம் மாகறலுக்கே பூட்ச்சி, வண்டி இங்கியே கீது" என்றாள் ஹமீதா.

"அண்ணே, இது முன்னாடியே தெரியுமா?" என்றார் பாட்சா.

"இன்னிக்குத்தான் பாய் இப்டி பண்ணுது. வெயிலு பாரு, அதான்."

"ஊட்டில உக்காந்துகினு இருந்த வண்டிக்கு இன்னா வெயிலு?" என்றாள் ஹமீதா.

பாட்சா சாவியை அவன் மடியில் வைத்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள்.

தம்பி இப்போது என்னோடு பேசுவதில்லை. புத்தி வந்துவிட்டதாம் அவனுக்கு. உண்மையைச் சொல்கிற புத்தி இல்லை, ஏசி போடாமல் இருக்கிற புத்தி. ராஜகுளத்திலிருந்து இன்னொருவர் விடிகாலையில் கார் பார்க்க வருகிறாராம். வரட்டும். பஸ் இறங்கி வருகிற வழியில்தான் என் வீடு.