சுத்தக் குழாயில் இறங்கிய தண்ணீர்

இதை நான் வேலை தந்த கந்தோருக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த வேலை கிடைத்திருக்காது. ஆனால் நடந்தது. என் காதால் கேட்டேன்.

மன்னார்த் தீவின் வடகரையில் ஒரு பழைய கழிவு வளவு. பழுதான பற்றரிகளும் இரசாயனப் பீப்பாய்களும் புதைத்த இடம். அந்த நஞ்சு நிலத்தடி நீரோடு எந்தப் பக்கம் போகிறது என்று கண்காணிக்க வேண்டும். அதற்குக் குழாய்க்கிணறுகளை எங்கெங்கே போடுவது என்று தீர்மானிப்பது என் வேலை. நீர் கடலை நோக்கி ஓடும் என்று நினைத்து, கடல் பக்கம் மூன்று போட்டேன். நஞ்சு எட்டாத தரைப் பக்கம் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. அதற்குச் 'சுத்தக் குழாய்' என்று பெயர் வைத்திருந்தேன்.

சுத்தக் குழாய்க்கு அப்பால் ஒரேயொரு வீடு. நசீறாவும் அவருடைய மகள் நுஹாவும். வேலை முடியும்வரை அவர்களுடைய கிணற்றை மூடிவைக்கச் சொல்லியிருந்தோம். தண்ணீர் வண்டி, பௌசர், வந்தால்தான் குடிதண்ணீர்.

அன்று மாலை நசீறா வேலியடிக்கு வந்தார்.

"தம்பி, பௌசர்க்காரன் எங்கள மறந்திட்டான். எங்கட கிணத்துல அள்ளட்டா? பிள்ளை தண்ணி கேக்குது."

"இண்டைக்கு ஒருக்கா அளந்திட்டுச் சொல்லுறன் அக்கா."

"எவ்வளவு நாளா அளக்கிறீங்கள்! இதுக்குள்ள கடலையே அளந்து முடிச்சிருக்கலாம்."

சிரித்தேன். அள்ளுங்கோ என்று சொல்லத்தான் மனதில் இருந்தது.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு தூரத்தில் கேட்டு அடங்கியது. காற்றும் விழுந்தது. யாரும் இல்லை. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். அன்று வரை பிடித்திருந்தது.

6.40. சுத்தக் குழாய். பூட்டு போட்டபடி இருந்தது. ஆனால் சுற்றிலும் மணல் ஈரம். மழை பெய்து மாதங்களாகிவிட்டன.

பூட்டைத் திறந்து அளவு நாடாவை இறக்கினேன். அதன் நுனி தண்ணீரைத் தொட்டால் 'பீப்' என்று விடாமல் கத்தும். தொட்டது. கத்தியது. அளவைப் பார்க்கக் குனிந்தேன்.

சத்தம் நின்றது.

நாடாவை நான் அசைக்கவில்லை. தண்ணீர்தான் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். பீப்... மௌனம். பீப்... மௌனம். தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் யாரோ வாளியால் இறைப்பதுபோல.

நசீறாவின் கிணற்றைப் பார்த்தேன். மூடி போட்டபடி. அருகில் ஆள் இல்லை.

கிரீச்...

கப்பிச் சத்தம். எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில். அங்கே வெறும் மணல்.

கிரீச்... சளார்!

தண்ணீர் என் பாதம் வரை ஓடிவந்தது. குளிர்ந்தது. கழிவு வளவில் அடிக்கும் அதே இரசாயன வாடை.

மிக அருகில் ஒரு பெண் மூச்சு வாங்கினாள்.

"இன்னும் நாறுது..."

சளார்.

ஓடினேன்.

நசீறாவின் கதவைத் தட்டினேன். திறந்தார். கையில் வாளி.

"அள்ளாதீங்கோ அக்கா..." வாளியை வாங்கிக் கீழே வைத்தேன்.

பிறகு ஆய்வுகூட முடிவு வந்தது. சுத்தக் குழாயிலும் நஞ்சு.

சத்தம் வந்த இடத்தில் ஐந்தாவது குழாயைப் போடத் துளைத்தோம். இயந்திரம் கல்லில் முட்டியது. தோண்டிப் பார்த்தால், மண் நிரப்பித் தூர்த்த ஒரு கிணறு.

நசீறா அப்போதுதான் சொன்னார்.

"அது என்ட மதினி முஸ்பிராட கிணறு. தண்ணி கெட்டுப்போச்செண்டு மஃரிபுக்குப் பிறகு இறைச்சு இறைச்சு ஊத்துவா. பிள்ளை மவுத்தான பிறகும் விடல்ல. பிறகு அவவும் மவுத்து."

உப்பேறிய கிணற்றை இங்கே எல்லாரும் அப்படித்தான் இறைப்பார்கள். நல்ல தண்ணீர் ஊறும். ஆனால் இங்கே, பிள்ளை செத்தும் விடாமல் இறைக்க இறைக்க, பீப்பாய்களின் நஞ்சைத்தான் அவள் தன் பக்கம் இழுத்திருக்கிறாள்.

கிணறு தூர்ந்து பல வருடங்கள். இறைப்பு நின்றதும் நீர் மீண்டும் கடல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

நசீறாவும் நுஹாவும் சிலாவத்துறைக்குப் போய்விட்டார்கள். இப்போது அங்கே ஒருவரும் இல்லை. நீர்மட்டத்தைத் தானாகப் பதியும் கருவி மட்டும் சுத்தக் குழாய்க்குள் இருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு தண்ணீர் இறங்குகிறது. ஏறுகிறது. இறங்குகிறது.

இறைப்பதை நிறுத்தும்படி முஸ்பிராவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?