கிருமி வளராத சீழ்

நீல மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா அது. செல்லூரில் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக் குளியலறையிலிருந்து அதைக் கைக்குட்டையில் சுற்றி, துணிப்பைக்குள் வைத்து, மார்போடு அணைத்தபடி அவள் வெளியே வந்த காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பக்கத்துக் கட்டிடத்தில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு மேல் மாமியாரின் குரல் கேட்டது: "அதை அடுப்படி வழியாக் கொண்டுபோயிராத." அக்கா பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்தாள். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அத்தானுக்குத் தறியை விட்டு வர முடியாது என்பதால், திருநகரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் அவளை லேபுக்குக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று.

அக்காவுக்கு நீர்க்கடுப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் சூடு என்றார்கள். இளநீர், வெந்தயம், நன்னாரி என்று எல்லாம் குடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்றிருக்கும். ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. ஒருநாள் சிறுநீர் செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி போனதாக என்னிடம் மட்டும் சொன்னாள். தெருமுனை கிளினிக் டாக்டர் ஒவ்வொரு முறையும் யூரின் டெஸ்ட் எழுதுவார். ரிப்போர்ட்டில் சீழ் அணுக்கள் நிறைய என்று வரும். கொஞ்சம் ரத்த அணுக்களும் இருக்கும். என்ன கிருமி என்று கண்டுபிடிக்க அதே சிறுநீரைத் தட்டில் விட்டு வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் எடுத்தார்கள். அதில் மட்டும் ஒன்றுமே வளராது. டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதுவார். சில நாள் தேவலை போலிருக்கும். பிறகு பழைய கதைதான்.

கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. அதனால் மாமியாருக்கு அக்காவின் உடம்பைப் பற்றி ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. ஒரு தடவை, "நானும் வாரேன், என்னன்னுதான் கேப்போம்" என்று அவரும் எங்களோடு கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "சீழ் இம்புட்டு இருக்கு, கிருமி ஒண்ணும் வளரல. இது சாதாரண இன்ஃபெக்‌ஷன் இல்லம்மா. ஆம்பள பொம்பள சேர்க்கையில ஒட்டுற நோயாத்தான் இருக்கும். புருஷனையும் டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க."

அவர் சொன்னது முழுப் பொய் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்பதுபோல், வேறு எதையும் கேட்காமல், மாமியாரை உட்காரவைத்துக்கொண்டு சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாமியார் படியிறங்கும்போதே தீர்ப்பை எழுதிவிட்டார். "எம்மகனுக்கு எதுக்கு டெஸ்டு? தறியும் வீடுமாக் கெடக்கறவன் அவன். எங்கிருந்து வந்துச்சோ, அங்க போய்க் கேக்கச் சொல்லு." அக்காவின் முகத்தை அப்போது பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், துவைக்கத் தனி வாளி. அத்தான் தறிக்கூடத்திலேயே படுத்துக்கொண்டார். அவர் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. "நீங்களாச்சும் எங்கிட்ட நேரா கேளுங்க" என்று அவள் கேட்டதற்கு, "அம்மா மனசு சங்கடப்படுது, கொஞ்ச நாள் திருநகர்ல போய் இரு" என்றாராம். கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போயிற்று. பிறகு வக்கீல் வீட்டுப் பெஞ்சு. எங்கள் அப்பா, வெளியே பேச்சு பரவிவிடும் என்ற பயத்தில், எதையும் எதிர்த்துக் கேட்காமல் சம்மதித்தார். பேச்சு அதற்கு முன்பே பரவியிருந்தது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அத்தானுக்குச் சீக்கிரமே வேறு கல்யாணம் ஆயிற்று.

அக்கா வைத்தியத்துக்கே போகமாட்டேன் என்றாள். இன்னொரு டாக்டர் வாயால் அதே வார்த்தையைக் கேட்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். இடுப்பின் இடப்பக்கம் வலி தாங்காமல் சுருண்டு விழுந்த அன்றுதான் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் மேசைமேல் பரப்பிப் பொறுமையாகப் பார்த்தார். "கிருமி வளரலன்னா கிருமியே இல்லன்னு அர்த்தமில்லம்மா. அந்தத் தட்டுல வளராத கிருமியா இருக்கலாம்" என்றார். அடுத்தடுத்த நாட்களில் விடிந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்கேனும் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் காசநோய். இடது சிறுநீரகம் சுருங்கி வேலை செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தது. அதை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள்.

"வீட்ல யாருக்காச்சும் டிபி இருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா, "மாமனாருக்கு" என்றாள். எங்களுக்கே அது அன்றுதான் தெரியும். அவளுக்குக் கல்யாணமான புதிதில் மாமனார் இருமி இருமியே படுத்திருந்தார். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார். வெளியே சொல்லக்கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். அவர் கண்ணை மூடும்வரை சளி துப்பிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்தது அக்காதான். அவரிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உடம்புக்குள் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும் நோய் அது என்றார் டாக்டரம்மா. "ஆனா அவரோட ஒண்ணா இருந்தவங்க எல்லாரும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கிறது நல்லது" என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அக்கா செல்லூர் போக வேண்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "உன்னைய அம்புட்டுக் கேவலப்படுத்துனவங்களுக்கு நீ எதுக்கு நல்லது சொல்லணும்?" என்று கேட்டேன். "அங்க ஒரு பிள்ளை வளருதுடி" என்றாள். அத்தானின் இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த குழந்தையைச் சொன்னாள்.

அறுவைச் சிகிச்சையின் புண் ஆறியதும் போனோம். மாமியார் வாசலிலேயே நிறுத்தினார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன்னைப் பற்றி அவர்கள் நினைத்தது தப்பு என்று அவள் வாதாடவே இல்லை. என்ன நோய், எங்கே இருந்தது, யார் யார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். கேட்டு முடித்த மாமியார் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

"டிபியா? ஆத்தா காப்பாத்துனா. நல்லவேளை, அப்பவே உன்னைய அனுப்பி வச்சோம். எங்க வீட்ல யாருக்கும் ஒட்டல."

"மாமாவுக்கு இருந்துச்சே, அத்தை."

"அவருக்கு வெறும் இருமல்."

உள்ளே குழந்தை எதற்கோ சிரித்தது. அத்தான் தறிக்கூடத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். ஷேர் ஆட்டோவில் வரும்போது அக்கா, "அந்தப் பிள்ளைக்காவது பாப்பாங்களா?" என்றாள். பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா இப்போது ஒற்றைச் சிறுநீரகத்தோடு திருநகரில் எங்களோடு இருக்கிறாள். மாத்திரைகளை முழுதாக முடித்தாள், நோய் போய்விட்டது. போன தை மாதம் அவனியாபுரத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருக்கையில் ஒரு பெரியம்மா அவள் காதருகே குனிந்து, "அந்த வியாதி இப்ப சரியாயிருச்சாடி?" என்று கேட்டார்.

"எந்த வியாதி பெரியம்மா? எனக்கு இருந்தது கிட்னியில டிபி. சரியாயிருச்சு" என்றாள் அக்கா, பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

"மெதுவாப் பேசு, நாலு பேரு காதுல விழப்போகுது."

"விழட்டும்னுதான் பெரியம்மா பேசுறேன்."

பெரியம்மா தலையாட்டினார். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.