கமலாக்கா திரைக்குக் கையாட்டினார்

திருப்பதி பார்மசி கல்லூரியில் இன்று, புத்தூரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் நினைவாக வருடாந்திரச் சொற்பொழிவு. அதற்கு நிதி வைத்தது அமெரிக்காவில் இருக்கும் அவர் மகன். நான் போனது மதியச் சாப்பாட்டுக்கு.

பக்கத்தில் அவன் அம்மா, எங்கள் தெரு கமலாக்கா. இந்த வருஷம் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தானாம்.

வந்தது, முன்பே பதிவுசெய்து அனுப்பிய வீடியோ.

திரையில் அவன் "அம்மா, வணக்கம்" என்றதும் அக்கா எழுந்துவிட்டார். "நல்லா கீறியா நைனா?"

அவன் நிற்காமல் மாத்திரைகளின் எதிர்காலத்துக்குப் போய்விட்டான்.

"ஏம்பா, நான் பேசறது அவனுக்குக் கேக்கலையா?"

"மைக் இல்ல, அதான்க்கா. உன்னைப் பாத்துக்கினுதான் கீறான். கையாட்டு."

வீடியோ முடியும்வரை ஆட்டினார்.

அவன் ஊருக்கு வந்தால் என் பொய் உடைந்துவிடும். வரமாட்டான் என்ற தைரியத்தில்தான் சொன்னேன். அதுதான் உறுத்துகிறது.

இதைவிட நல்ல பொய் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வருஷத்துக்கு வேண்டும்.