பெரியப்பா பூசிய படி

எங்கள் பெரியப்பாவின் வேலை, ஒரு வேலையும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. ஊரிலிருக்கும் பழைய துறவியர் மடம் தங்களுடையது என்று இரண்டு கிறிஸ்தவ சபைகள் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகின்றன. யார் எதைப் பழுது பார்க்கிறார்களோ அது அவர்களுக்குச் சொந்தமாகிவிடும் என்று பயம். அதனால் தீர்ப்பு வரும்வரை ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அதைக் கவனிக்க நீதிமன்றம் அமர்த்திய காவல்காரர் பெரியப்பா. மடத்தின் மேல்கட்டில் ஒரு சபையின் சாமியார், கீழ்க்கட்டில் மற்ற சபையின் சாமியார்; வாசல் அறையில் பெரியம்மாவோடு பெரியப்பா குடித்தனம்.

முற்றத்தின் மூன்றாம் படி உடைந்து பதினோரு வருஷம். பெரியம்மா தண்ணீர் வாளியோடு அதில் சறுக்கிக் கணுக்கால் வீங்கிப் படுத்தார். கால்தான் படுத்தது, வாய் படுக்கவில்லை. மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, நான்காம் நாள் மத்தியானம் கொஞ்சம் சிமெண்டைக் குழைத்துப் படியைப் பூசிவிட்டார்.

ஈரம் காய்வதற்குள் மடம் கொதித்தது. மேல்கட்டுச் சாமியார் எதையும் ஜபம் மாதிரி இழுத்துச் சொல்பவர். இது கீழ்க்கட்டின் கைவரிசை என்று சொல்லி முடிக்கவே அவருக்குக் கால்மணி நேரம் ஆனது. கீழ்க்கட்டுச் சாமியார் ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்போலப் பேசுவார். மேல்கட்டு முற்றத்தையே விழுங்கப் பார்க்கிறது என்று ஒரே மூச்சில் கொட்டினார். இரண்டு புகார் பறந்தன. மறுநாள் நீதிமன்ற அமீனா வந்து நின்றார்.

பெரியப்பா அமீனா முன்னால் போய் நின்றார். ஒப்புக்கொண்டால் வேலையோடு வீடும் போகும்.

"நான்தாங்க பூசினேன்" என்றார்.

"யாரு உத்தரவு?" என்றார் அமீனா.

"வீட்டுல. அதுக்கு அப்பீலே கிடையாதுங்க."

உள்ளிருந்து பெரியம்மா குரல் வந்தது. "பூசினதுதான் பூசினாரு, கொஞ்சம் சரிவாப் பூசக் கூடாது? தண்ணி நிக்குது பாருங்க."

எதிர்த்தரப்பு செய்யவில்லை என்று தெரிந்ததும் இரண்டு சாமியார்களின் தோளும் ஒரே நேரத்தில் இறங்கின. படியால் யாருக்கும் உரிமை சேராது என்று அமீனா எழுத, இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் ஆளை மாற்றத்தான் வேண்டும் என்றார் அமீனா.

"வேண்டாம்" என்றார் மேல்கட்டுச் சாமியார், இழுக்காமல். "புதுசா வர்றவன் எவனுக்கு வேண்டியவனோ? இவரு பொண்டாட்டிக்கு மட்டும்தான் பயப்படறாரு."

கீழ்க்கட்டுச் சாமியார் முதல்முறையாக நிதானமாகத் தலையாட்டினார்.

பெரியப்பா உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வேலை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வெந்நி வைங்க. கால் வலிக்குது."

பெரியப்பா சீட்டியடித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார்.